தம்பி மாத்திரைகளைக் கொட்டிவிட்டான். சந்தேகப்படும் நான் அவிசுவாசியா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 38. அம்மாவோடும் தம்பியோடும் நாலறை வீட்டில் இருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

தம்பிக்கு 29 வயது. ஜூரோங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். 24 வயதில் அவருக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார், இருப்பது தெரியவந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். அதன்பிறகு ஐந்து ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை. வேலைக்குத் திரும்பினார், சபையில் கிட்டார் வாசித்தார், வீட்டுச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். ஐந்து வாரத்துக்கு முன் வெளியூர் ஊழியர் ஒருவர் நடத்திய சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். ஊழியர் தலையில் கைவைத்து ஜெபித்தபோது உடம்பெல்லாம் அக்கினி இறங்கியதுபோல் இருந்ததாம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விசுவாசிக்கிறேன் என்று சொல்வது இருமனம் என்று அந்த மேடையில் சொன்னார்கள். அன்று இரவே ஒரு மாத மாத்திரையையும் சமையலறைக் குப்பைக் குழாயில் கொட்டிவிட்டார். ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியை மட்டும் எறியவில்லை. அதன் மூடிகளில் ஞா, தி, செ என்று அம்மா கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துச் சபையில் சாட்சி சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது பத்து நாளாக இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார். விடியற்காலை மூன்று மணிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வெளியே நடைபாதையைக் கழுவுகிறார். சேமிப்பிலிருந்து 3,000 வெள்ளியை ஒரே நாளில் பேநவ் என்ற இணையப் பணப்பரிமாற்றம் வழியாகக் காணிக்கை அனுப்பிவிட்டார். கேட்டால், "கடவுள் எனக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கார்க்கா. நான் சுகத்தைத் தேர்ந்தெடுத்துக்கிட்டேன். நீ என்னை நோயைத் தேர்ந்தெடுக்கச் சொல்றே" என்கிறார்.

சபை மூப்பர் ஒருவர் அம்மாவிடம், வீட்டில் அவிசுவாசம் இருந்தால் நோய் திரும்பிவிடும் என்றிருக்கிறார். குடித்தே இறந்துபோன அப்பாவின் சாபம் பிள்ளைமேல் இருக்கிறது, அதை முறிக்க வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபமும் அதைத் தொடர்ந்து மூன்று நாள் உபவாசமும் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

சகோதரி கேட்பவை: கடவுள் உண்மையிலேயே தம்பியைச் சுகமாக்கியிருந்து, நான் சந்தேகப்பட்டு அதைக் கெடுக்கிறேனா? வயது வந்த ஒருவரின் முடிவில் தலையிட எனக்கு உரிமை உண்டா? மாத்திரையைப் பொடித்து மைலோவில் கலந்து கொடுக்கலாமா? இதற்கெல்லாம் அப்பாதான் காரணமா?

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியை இந்த வாரமே, வெள்ளிக்கிழமைக்கு முன்னால், ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். நான் மனநல ஆலோசகர், மருத்துவர் இல்லை. நேரில் பார்க்காமல் ஒருவருக்கு என்ன வந்திருக்கிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தியவர், ஐந்தாவது வாரத்தில் மூன்று மணி நேரம் தூங்கி, களைப்பே தெரியாமல், காசைக் கையில் வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார் என்றால், எந்த மனநல மருத்துவரும் அதை அவசரமாகத்தான் எடுத்துக்கொள்வார். இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நோய் பழையபடி கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. இவர் பகலில் ஃபோர்க்லிஃப்ட் வேறு ஓட்டுகிறார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நானும் விசுவாசிதான். நோயாளிக்குக் கைகளை வைத்து ஜெபிப்பதையும், எண்ணெய் பூசி ஜெபிப்பதையும் நம்புகிறவள். ஆகவே கீழே நான் எழுதுவது வெளியிலிருந்து சபையைக் குறைசொல்லும் பேச்சு இல்லை.

தூக்கம் போன சந்தோஷம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கடித்தது அந்த 3,000 வெள்ளி இல்லை. மூன்று மணிக்கு நடைபாதை கழுவுவதுதான்.

இருமுனைக் கோளாறில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பாறையைச் சுமப்பதுபோன்ற மனச்சோர்வு. மற்றது மேனியா என்கிற மிகை எழுச்சி. இந்த இரண்டாவது, வரும்போது நோயாகத் தெரியாது. உடம்பு லேசாகும், மனம் தெளிந்ததுபோல் இருக்கும், எல்லாவற்றிலும் ஒரு செய்தி தெரியும், கடவுள் தன்னைத் தனியாக அழைத்துப் பேசுகிறார் என்று தோன்றும். பக்தியுள்ள வீட்டில் வளர்ந்தவருக்கு அது பக்தியின் உடையைப் போட்டுக்கொண்டுதான் வரும். அதனால் சபையில் இருப்பவர்கள் அதை அபிஷேகம் என்று எடுத்துக்கொள்வது புரியக்கூடியதே. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்களில் சிலர் நன்றாகவே இருப்பார்கள். சாட்சி அந்த வாரங்களில்தான் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்பதற்கு மேடை போடுவதில்லை.

அப்படியானால் எது சமாதானம், எது மேனியா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? குடும்பத்தாருக்கு நான் சொல்லும் முதல் அடையாளம் தூக்கம். கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்கிறது 127ஆம் சங்கீதம். எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர் அவர். தேவதூதன் அவருக்கு முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். பயணம், மலை, மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தை நான் பயத்தோடு பார்ப்பது இதனால்தான். உங்களுக்கும் எனக்கும் ஓர் இரவு தூக்கம் போனால் மறுநாள் கொட்டாவி வரும், அவ்வளவுதான். இந்த நோய் உள்ளவருக்கு ஓர் இரவு விழிப்பே மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். அதன்மேல் மூன்று நாள் பட்டினி. பின்னால் அவர் லித்தியத்துக்குத் திரும்பினாலும் தண்ணீர் குடிக்காத உபவாசம் கூடாது. உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி விஷமாகும். தாகத்தோடு இருப்பதுதான் பக்தி என்று நினைக்கிற மூப்பரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கு இது தெரிந்திருக்காது.

ஆசாரியனுக்குக் காண்பி

இனி உங்கள் முதல் கேள்வி. கடவுள் தம்பியைச் சுகமாக்கினாரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த ஊழியருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதை வேதமே சொல்கிறது.

மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்குகிறார். உடனே அவனிடம் சொன்னது என்ன? யாருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். அன்றைக்குத் தோல் நோயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. லேவியராகமம் 14ஆம் அதிகாரம் அந்த முறையை வரிசையாகச் சொல்கிறது. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். சுத்தமானவன் பாளயத்துக்குள் வந்த பிறகும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும். தாமே சுகமாக்கியவரே, போய்க் காட்டிவிட்டு வா என்கிறார். பரிசோதனைக்குப் போவதை அவர் அவிசுவாசமாக எண்ணவில்லை. சாட்சி அதற்குப் பிறகு.

கத்தோலிக்கர்களும் இதையேதான் செய்கிறார்கள். பிரான்ஸில் உள்ள லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858இல். 1883 முதல் அங்கே மருத்துவர்கள் குழு ஒன்று இருக்கிறது. குணமானதாக வந்த ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றது எழுபதுக்குச் சற்றே அதிகம். அவசரமே படுவதில்லை, ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். ஓஃபிர் ரோட்டில் 1888 முதல் நிற்கும் நம்முடைய லூர்து மாதா ஆலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆக, தம்பியிடம் நீங்கள் சொல்லக்கூடியது இது: "நீ சுகமாகலைன்னு நான் சொல்லல. காட்டிட்டு வருவோம். டாக்டர் பார்க்கட்டும்." கடவுள் சுகமாக்கியிருந்தால் ஒரு கிளினிக் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்ததால் அது கலைந்துபோகாது. மாத்திரையைக் குறைக்கலாமா என்ற பேச்சைக்கூட அங்கேதான் பேச வேண்டும். மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லக் குறைப்பது வேறு, குப்பைக் குழாயில் கொட்டுவது வேறு.

உங்கள் சந்தேகம் அவருடைய சுகத்தைக் கெடுக்கும் என்று மூப்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் நாசரேத்தைக் காட்டுவார். தம் சொந்த ஊராரின் அவிசுவாசத்தால் இயேசு அங்கே பல அற்புதங்களைச் செய்யக்கூடாமல் போயிற்று என்று மாற்கு 6 சொல்வது உண்மைதான். அங்கேயும் சில நோயாளிகளைச் சுகமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது. சுகமானவன் வீட்டுக்குப் போய், அக்கா சந்தேகப்பட்டதால் நோய் திரும்பியது என்று நான் நற்செய்திகளில் எங்குமே வாசித்ததில்லை. ஒன்பதாம் அதிகாரத்துக்கு வாருங்கள். மகனுக்காக மன்றாடிய தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று அழுதான். பாதி நம்பிக்கை, பாதி பயம். பிள்ளை சுகமானான். நீங்கள் இப்போது நிற்பது அந்தத் தகப்பன் நின்ற இடத்தில்தான்.

இன்னும் சொல்லப்போனால், பவுல் தன் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டினார், நீங்கவில்லை. மெதடிஸ்ட் சபைகளின் முன்னோடி ஜான் வெஸ்லி 1747இல் ஏழைகளுக்காக வைத்தியக் குறிப்புப் புத்தகமே வெளியிட்டார். இந்த ஊரில் பேராயரின் மனைவி டாக்டர் சார்லட் ஃபெர்குசன்-டேவி 1913இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். பிரான்சிஸ்கன் கன்னியர் 1961இல் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் திறந்தார்கள். இவர்கள் எல்லாரும் ஜெபித்தவர்கள். ஜெபித்துவிட்டு மருந்து கொடுத்தவர்கள்.

சுயசித்தம் என்கிற சொல்

தம்பி சொன்ன வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதனுக்குச் சுயசித்தம் உண்டு, கடவுள் யாரையும் கயிறு கட்டி இழுப்பதில்லை என்பது கிறிஸ்தவ நம்பிக்கையில் முக்கியமான ஒன்று. அவர் தவறுவது அடுத்த படியில். சுகத்தை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லும்போது, சுகம் அவருடைய முடிவின் கூலியாகிவிடுகிறது. அப்படியானால் சுகமாகாதவர்கள் எல்லாரும் நோயைத் தேர்ந்தெடுத்தவர்களா?

பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனை எடுத்துக்கொள்ளுங்கள். சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா என்று இயேசு அவனைக் கேட்டார். இந்தக் கேள்வியைக் குற்றச்சாட்டாக மாற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன்: நீ விரும்பவில்லை, அதனால்தான் கிடக்கிறாய் என்று. ஆனால் அந்த மனிதன் என்ன பதில் சொன்னான்? ஆம் என்றுகூடச் சொல்லவில்லை. என்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று முறையிட்டான். விசுவாச அறிக்கை எதுவும் செய்யவில்லை. தன்னைச் சுகமாக்கினவர் யார் என்பதே பிறகும் அவனுக்குத் தெரியவில்லை. விரும்புவதற்கான தெம்பே ஒடுங்கிப்போன ஒருவனிடம் போய், உனக்கு என்ன வேண்டும் என்று மரியாதையோடு கேட்டார். அவன் பதில் தடுமாறியபோதும் எழுந்திரு என்றார்.

மனிதனின் சித்தமே காயப்பட்டிருக்கிறது என்பது சபையின் பழைய போதனை. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியு என்பவர், மனிதன் மனம் வைத்தால் தன் பலத்தாலேயே நன்மையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போவின் ஆயராக இருந்த அகுஸ்தீன் அதை எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது. விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் ரோமர் 7இல் புலம்புவதும் இதைத்தான். கால் உடைந்தவனை ஓடு என்று சொல்லி, ஓடாததற்குத் திட்டுவதில்லை. முடிவெடுக்கும் இடமே அடிபட்டிருக்கிறவரை மட்டும், விசுவாசித்து முடிவெடு என்று எப்படி நெருக்குவது?

இருமுனைக் கோளாறு தொடுவதும் சரியாக அந்த இடத்தைத்தான். மனச்சோர்வில் எதையும் விரும்ப முடியாது. மேனியாவில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரும்பாமல் இருக்க முடியாது. இரண்டிலுமே சுயசித்தம் சுதந்திரமாக இல்லை. இந்த ஐந்து ஆண்டுகளாகத் தம்பி ஒவ்வொரு நாளும் அந்தச் சின்னப் பெட்டியில் அன்றைய அறையைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாரே, அதுதான் சுயசித்தம். யாரும் அவர் வாயைப் பிளந்து ஊற்றவில்லை. விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போனது, கிட்டார் வாசித்தது, வீட்டுச் செலவைப் பகிர்ந்தது எல்லாமே அந்தச் சித்தத்தின் கனிதான். அந்த ஐந்து ஆண்டுகளையும் அவிசுவாசத்தின் காலம் என்று யாரோ பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கடவுள் அவரைச் சுகமாக்கிக்கொண்டிருந்த காலமாகவே அதை நான் பார்க்கிறேன்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து இன்சுலினை நிறுத்தினார். முதலில் கால்விரல் போனது, அடுத்த ஆண்டு பாதம் போனது. அதைக்கூட மறந்துவிடுவேன். சாகும்வரை "எனக்கு விசுவாசம் பத்தலைம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள்கூட ஜெபத்தை விடாத மனிதர் அவர்.

அதே அளவுகோலை உங்களுக்கும் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையைப் பொடித்து மைலோவில் கலந்து கொடுக்கவே கூடாது. லித்தியத்தில் நன்மை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்கிறார்கள். ஐந்து வாரம் விட்டவருக்குப் பழைய அளவை வீட்டிலேயே மறுபடி தொடங்குவதும் சரியில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், ஒருநாள் அவருக்குத் தெரியவரும். அன்றோடு உங்கள் கையால் ஒரு வாய்ச் சோறுகூடச் சந்தேகமில்லாமல் சாப்பிட மாட்டார்.

அப்பாவின் சாபமா?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேதம் இதில் மிகத் தெளிவாகப் பேசுகிறது. அப்பா புளித்த திராட்சை தின்றால் பிள்ளைக்குப் பல் கூசும் என்ற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்கிறது எசேக்கியேல் 18. பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றார் இயேசு. பிசாசு என்று பேச்சு வந்தால் மத்தேயு 4:24ஐக் காட்டுங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று அங்கே தனித்தனியாகத்தான் சொல்லியிருக்கிறது. எல்லா நோயையும் ஒரே கணக்கில் எழுதியவர்கள் நற்செய்தி எழுதியவர்கள் இல்லை.

இந்த நோய் ஓரளவு குடும்பவழி வரக்கூடியது என்பது உண்மை. ஒருவேளை உங்கள் அப்பாவுக்கும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று இருந்து, அதைத் தாங்க முடியாமல் குடித்தாரோ என்னவோ. இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் கண் நிறம் வருவதுபோல் வருவது சாபம் ஆகாது. 2016இல் சிங்கப்பூரில் நடந்த மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இருமுனைக் கோளாறு வந்தவர்கள் நூற்றுக்கு 1.6 பேர். உங்கள் புளோக்கிலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இருபது வருஷம் குடிகாரரைச் சகித்தவர், இன்று அவரைக் கட்டிக்கொண்டதற்காகவும் தண்டனை என்று நினைத்துக் கொண்டிருப்பார்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

தம்பியோடு வசனத்துக்கு வசனம் வாதாடாதீர்கள். இந்த நிலையில் அவருக்கு உங்களைவிட நாலு வசனம் கூடவே நினைவுக்கு வரும், விவாதம் தூக்கத்தை இன்னும் கெடுக்கும். பகலில், சாப்பிட்ட பிறகு, தனியாகப் பேசுங்கள். "உன் விசுவாசத்தைப் பத்தி நான் பேசல. உன் தூக்கத்தைப் பத்திப் பேசறேன்" என்று தொடங்கலாம். அவர் மதிக்கும் ஒருவரை, முடிந்தால் உங்கள் சபைப் போதகரையே, உடன் அழைத்துக்கொள்ளுங்கள். போதகர் வீட்டில் ஜெபித்து, அவரே கிளினிக்குக்குக் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. மூப்பரைத் தவிர்த்துவிட்டு நேராகப் போதகரிடம் போவது மரியாதைக் குறைவு ஆகாது.

ஏற்கெனவே பார்த்துவந்த மருத்துவரின் கிளினிக்கைக் கூப்பிட்டு, எத்தனை வாரமாக மாத்திரை இல்லை, எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எவ்வளவு பணம் போனது என்று எழுதிவைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவருடைய விவரங்களை உங்களிடம் சொல்ல அவர்களுக்குத் தடை இருக்கலாம். நீங்கள் சொல்வதைக் கேட்க எந்தத் தடையும் இல்லை. மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். 21 வயதான எவருக்கும் தானே முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்றுதான் மனத்திறன் சட்டம் தொடங்குகிறது. நமக்கு முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் அந்த ஆற்றல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அக்கா என்ற முறையில் அவரைக் கட்டாயப்படுத்த உங்களுக்குச் சட்ட உரிமை இல்லை. ஆனால் நோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டம் இடம் தருகிறது. மருத்துவர் மனநலக் கழகத்துக்கு அனுப்பலாம். காவல்துறையினரும் அழைத்துச் செல்லலாம். அங்கே முதலில் 72 மணி நேரம் வரை வைத்துப் பரிசோதிக்க முடியும். சாக வேண்டும் என்று பேசினாலோ, மாடி விளிம்பில் நின்றாலோ, கையை ஓங்கினாலோ யோசிக்காமல் 995 அல்லது 999ஐக் கூப்பிடுங்கள். தம்பியைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டேனே என்று கலங்க வேண்டாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமும் இல்லை.

வேலையிடத்தில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ விடுப்பு எடுத்து, தூக்கம் சீராகும்வரை ஃபோர்க்லிஃப்டிலிருந்து தள்ளி இருந்தால் போதும். வங்கிச் செயலியில் ஒருநாளில் அனுப்பும் பணத்தின் உச்ச அளவைக் குறைத்துவைக்க அவரையே சம்மதிக்கவையுங்கள். மருத்துவச் செலவு பயமாக இருந்தால், இருமுனைக் கோளாறுக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம், கேட்டுப் பாருங்கள்.

அவர் தெளிந்து வந்த பிறகு, நல்ல நிலையில் இருக்கும்போதே, ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதவையுங்கள்: என் தூக்கம் நாலு மணிக்குக் குறைந்தால் அக்கா மருத்துவரைக் கூப்பிடலாம் என்று. அது சட்டப் பத்திரம் இல்லைதான். ஆனால் அடுத்தமுறை நீங்கள் அவருடைய சித்தத்துக்கு விரோதமாகச் செய்யவில்லை, அவர் தெளிவாக இருந்தபோது சொன்னதைத்தான் செய்கிறீர்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த மாத்திரைப் பெட்டியை ஏன் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் ஊகிக்க வேண்டாம். ஒளித்துவைக்கவும் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நேரம் விடியற்காலை 3.40 என்று இருந்தது. தம்பி விழித்திருப்பதால் நீங்களும் அம்மாவும் தூங்காமல் காவல் இருக்கிறீர்கள் என்று புரிகிறது. இரவுகளை இருவரும் மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மனம் தாங்காமல் போனால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்தில் உங்களுக்கென்று ஓர் ஆலோசகரையும் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அன்று இரவு அம்மா தூங்கினாரா என்பதையும் எழுதுங்கள்.